நாட்டு நாய்க்கு நாற்பதாயிரமா?

போன வாரம் எங்கள் வீட்டு நாய் சுந்தரியின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். கழுத்தில் பிளாஸ்டிக் புனல், வயிற்றில் கட்டு, முகத்தில் கடுங்கோபம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆபரேஷன் செலவு நாற்பதாயிரம், செயினை அடகு வைத்தேன் என்று இரண்டு வரி சேர்த்து எழுதிவிட்டேன். வந்தது வினை.

"நாட்டு நாய்க்கு நாற்பதாயிரமா? அந்தக் காசுக்கு நாலு பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டியிருக்கலாம்" என்று ஒருவர். "நகையை அடகு வைக்கிற நிலைமையில இருக்கிறவங்க எதுக்கு நாய் வளர்க்கணும்?" என்று இன்னொருவர். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு லைக். முதல் ஆளுக்குப் பதில் சொல்வதாக இல்லை. அவர் போன மாதம் வாங்கிய பைக்கின் விலை எனக்குத் தெரியும். இரண்டாவது கேள்விதான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஏனென்றால் ஆபரேஷன் நடந்த ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நானே என்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுந்தரிக்கு ஏழு வயது. பெருங்களத்தூரில் எங்கள் தெருமுனையில் மழையில் நனைந்துகொண்டிருந்தவளை என் மகன் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தான். பதினேழு கிலோ. கத்தரி வெயில் நேரம். இரண்டு மூன்று நாளாகத் தண்ணீர் சட்டியைக் காலி செய்துகொண்டே இருந்தாள். வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று நினைத்தோம். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனாள், திட்டினோம். மூன்றாம் நாள் சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வயிறு லேசாக உப்பியிருந்தது. அஜீரணம், ஓமத் தண்ணீர் கொடு என்றார் மாமியார். கொடுத்தேன். ராத்திரி பத்தரை மணிக்கு எழுந்து நிற்க முடியாமல் பின்கால் மடங்கி விழுந்தாள். ஈறைத் தொட்டுப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது.

வழக்கமாகக் காட்டும் டாக்டர் ஊரில் இல்லை. வாட்ஸ்அப்பில், "உடனே எங்கேயாவது எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்க" என்று மட்டும் பதில் வந்தது. நாய் என்றதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாமவர், "பெட்ஷீட் விரிச்சுக்குங்க அக்கா, எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றார். கூகுளில் '24 மணி நேரம்' என்று போட்டிருந்த முதல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

ஸ்கேன் பார்க்க வயிற்று முடியை மழித்தார்கள். எதற்குமே அடங்காதவள் அந்த மெஷின் சத்தத்துக்குக்கூட அசையவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. திரையில் கறுப்பாக வீங்கித் தெரிந்த குழாய்களைக் காட்டி, "கர்ப்பப்பை முழுக்கச் சீழ்மா. பையோமெட்ரா. கடைசியா எப்ப ஹீட் வந்துச்சு?" என்றார். இணைசேரும் பருவத்தைத்தான் ஹீட் என்கிறார்கள். ஆறு வாரம் இருக்கும் என்றேன். தலையாட்டினார். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயதாக ஆக இது வரும், பெரும்பாலும் ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் வரும், கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டால் சீழ் வெளியே வராது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது, நஞ்சு ரத்தத்தில் கலந்துவிடும் என்று விளக்கினார். வெள்ளணு எண்ணிக்கை பதினேழாயிரத்துக்குள் இருக்க வேண்டியது, அவளுக்கு நாற்பத்தெட்டாயிரம் இருந்தது.

"ட்ரிப் போட்டு ஸ்டெடி பண்ணிட்டு ராத்திரியே அறுத்து எடுத்துடணும்" என்றார். சரி என்றேன். ரிசப்ஷனில் இருபதாயிரம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஹார்டுவேர் கடையில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆணிக்கும் ஜிஐ பைப்புக்கும் மூன்று இடத்தில் விலை கேட்டு ஒப்பிட்டுத்தான் ஆர்டர் போடுவேன். அப்படிப்பட்டவள், அங்கே வாயைத் திறக்கவில்லை. உயிருக்குப் போராடுகிற பிராணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விலை கேட்பதா என்ற கூச்சம். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பையன் வந்தான். உணவு டெலிவரி டீ-ஷர்ட், கையில் பிஸ்கட் அட்டைப்பெட்டி. உள்ளே ஆரஞ்சு நிற ஆண் பூனை. ஒன்றரை நாளாகச் சிறுநீர் போகவில்லையாம், தொட்டாலே கத்துகிறதாம். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனியில் நூல் கனம்தான் இருக்கும். மணல் போலத் துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கழிவு திரும்ப ரத்தத்தில் ஏறி, பொட்டாசியம் கூடி, இதயம் நின்றுவிடும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குக் கேட்டது அவன் குரல் மட்டும்தான்.

"எவ்வளவு ஆகும் சார்?"

பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினைந்து என்றார்கள். "பாதி இப்ப தரேன், மீதி சம்பளம் வந்ததும் தரேன்" என்றான். ரிசப்ஷன் பெண் அவன் முகத்தைப் பார்க்காமலே முடியாது என்றாள். அவன் அசரவில்லை. "அப்ப இதைவிடக் கம்மியா பண்ற இடம் எது மேடம்?" என்று அவளிடமே கேட்டான்!

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். பூனையை வாங்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் ஊசி வழியாகச் சிறுநீரை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். "இது தற்காலிகம்தான். கொஞ்ச நேரம் தாங்கும். அடைப்பை எடுக்கணும். நேரா வேப்பேரிக்குப் போ. ராத்திரியும் எமர்ஜென்சி இருக்கு. இந்தச் சீட்டைக் காட்டு" என்று எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பெட்டியை பைக் டேங்க் மேல் வைத்துப் பெல்ட்டால் கட்டிக்கொண்டு அவன் கிளம்பிவிட்டான். அவனுக்கு நான் ஏதும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது என் செயின் எத்தனை பவுன், எவ்வளவு கிடைக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வேப்பேரி தெரியாதவர்களுக்கு: 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் மாடு, குதிரை முதல் கிளி வரை பார்க்கிறார்கள். தனியாரில் ஆகிற செலவில் சிறு பங்குதான் ஆகும். சென்னையில் நாய் வளர்க்கும் ஏழை பாழைகளுக்குப் பல தலைமுறையாக அதுதான் கதி. என் பெரியப்பா வீட்டு ராஜபாளையம் நாய்க்கே கால் உடைந்தபோது அங்கேதான் கட்டுப் போட்டார்கள். எனக்கும் இது தெரியாததல்ல. பதற்றத்தில் நினைவுக்கே வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து விடியற்காலை நாலு மணிக்கு டாக்டர் ஒரு ட்ரேயைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு பெரிய புடலங்காய்களை முறுக்கி வைத்தது போல. எடை ஒன்றே முக்கால் கிலோ. பதினேழு கிலோ உடம்பில் இதைச் சுமந்துகொண்டுதான் மூன்று நாளாக எங்கள் திட்டையும் வாங்கியிருக்கிறாள்.

அப்போதுதான் கேட்டேன். "அந்தப் பையனுக்கு வேப்பேரி சொன்னீங்க. எனக்கு ஏன் டாக்டர் சொல்லலை?"

அவர் மாஸ்க்கை இறக்கினார். "நீங்க கேட்கலையேம்மா. நானா சொன்னா, இவனுக்கு அறுக்கத் தெரியலை, தட்டிக் கழிக்கிறான்னு ரிவ்யூ எழுதுவாங்க. எழுதியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க நாய் இருந்த நிலைமைக்கு முப்பது கிலோமீட்டர் அனுப்பியிருக்க மாட்டேன், அது வேற விஷயம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் உண்மையா, சமாளிப்பா என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன். உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று படுகிறது.

மூன்று நாள் கழித்து பில் வந்தது. தொழில் புத்தி, வரி வரியாகப் பார்த்தேன். இரவு நேரக் கன்சல்டேஷன் 1,000. ஸ்கேன் 1,800. ரத்தப் பரிசோதனைகள் 2,400. மயக்க மருந்து உட்பட அறுவை சிகிச்சை 18,000. மூன்று நாள் தங்கல் 7,500. கழுத்துப் புனல் 450. 'மருந்துகள் மற்றும் இதர' என்று ஒரே வரியில் 8,900. ஆக 40,050.

அந்தக் கடைசி வரி தவிர மற்றதில் எனக்குச் சண்டை இல்லை. மனுஷனுக்குப் பார்க்கிற அதே மாதிரி ஸ்கேன் மெஷின், அதே தையல் நூல், ராத்திரி முழுக்க விழித்திருக்கும் இரண்டு பேர் சம்பளம். மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்தபோது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எங்கள் கையிலிருந்து பைசா செலவாகவில்லை. குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை அதில் உண்டு. இல்லையென்றால் ஜிஹெச் இருக்கிறது. அதனால் ஓர் ஆபரேஷனின் அசல் விலை என்ன என்று நம்மில் பலர் பார்த்ததே இல்லை. நாய் விஷயத்தில்தான் முதல்முறையாக முழு பில்லும் கைக்கு வருகிறது, உடனே 'கொள்ளை' என்கிறோம். ஊரில் என் தம்பிக்கு மாடு இருக்கிறது. கன்று ஈன முடியாமல் தவித்தால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்குப் போன் போடுகிறான், அரசு வண்டி வருகிறது. மாட்டுக்கு மானியத்தோடு இன்ஷூரன்ஸும் உண்டு. மாடு சோறு போடுகிறது, அதற்கு முன்னுரிமை நியாயம்தான். நாய்க்கும் இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள், ஆனால் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். சுந்தரிக்கு விசாரித்தபோது வயது தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த 8,900-க்கு மட்டும் விவரம் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பிரின்ட் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதை முதல் நாளே உத்தேசமாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் என்ன? இத்தனையிலிருந்து இத்தனைக்குள் ஆகும், பிழைக்க இவ்வளவு வாய்ப்பு, முடியாதென்றால் இந்த இடத்துக்குப் போகலாம் என்று. மெக்கானிக் ஷாப்பில் பானெட்டைத் திறக்கும் முன் சொல்கிறார்கள். இங்கே இரண்டு தரப்புக்கும் வெட்கம். டாக்டர் காசு பேசினால் கல்நெஞ்சன், வளர்ப்பவர் காசு பேசினால் பாசமில்லாதவர். ஆபரேஷன் முடிந்ததும் பில்லுக்குப் பயந்து நாயை விட்டுவிட்டே ஓடிப்போனவர்கள் உண்டு என்று அந்த ரிசப்ஷன் பெண் பிறகு சொன்னாள். அப்படி விட்டுப் போன ஒன்று அங்கேயே மூன்று காலோடு சுற்றிக்கொண்டிருந்தது. பெயர் ஜானியாம். முன்பணம் கேட்பதில் எனக்கிருந்த கோபம் அதைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சுந்தரிக்கு ஒரு வயதானபோது பழைய டாக்டர் கருத்தடை செய்துவிடுங்கள் என்றார். 6,500 ஆகும் என்றார். "ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பொம்பளைப் பிள்ளை பாவம்" என்றார் மாமியார். மாமியார் மேல் பழியைப் போடுவது சுலபம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் குட்டி போடவும் விடவில்லை, ஹீட் வரும்போதெல்லாம் மாடியில் பூட்டி வைத்தோம். கருத்தடையின்போது கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவார்கள், அதன்பின் இந்த நோய் வர அநேகமாக வழியே இல்லை. ஆக, வக்கில்லாதவர் ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்ட நண்பருக்கு: என்னிடம் இல்லாமல் போனது நாற்பதாயிரம் அல்ல சார். கையில் 6,500 இருந்தது, அதைச் செலவு பண்ண மனசு வரவில்லை. திட்டுவதானால் அதற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அடகு வைத்ததற்குத் திட்டாதீர்கள். அந்த டெலிவரிப் பையனைப் பார்த்தும் திட்டாதீர்கள். தெருவில் கிடந்ததைத் தூக்கி வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் அவனைப் போன்றவர்கள்தான்.

அந்தப் பூனை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவன் நம்பரை வாங்கியிருக்க வேண்டும்.

நேற்று சுந்தரிக்குத் தையல் பிரித்தார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, மடியில் பொமரேனியன். உள்ளே கூப்பிடுவதற்குள் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "இங்க ரொம்ப ஆகுமாம்மா?" என்றார். பையில் அந்த பில் மடித்தபடியே இருந்தது. எடுத்துப் பிரித்து, கண்ணாடி இல்லையென்று அவர் சொன்னதால், ஒவ்வொரு வரியாகச் சத்தமாகவே படித்துக் காட்டினேன்.