இலங்கையில் பௌத்த பிக்குமார் அரசியலுக்கு வரலாமா?

யாராவது இப்படிக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வந்து எவ்வளவு காலம்! அரசியலும் எங்கள் வேலைதான் என்று வித்தியாலங்கார பிரிவெனா என்ற பிக்குகள் கல்விக்கூடத்துப் பிக்குகள் பகிரங்கமாக அறிக்கை விட்டது 1946இல். பத்து வருடம் கழித்து, பண்டாரநாயக்காவுக்காக ஊர் ஊராக இறங்கி வேலை செய்தார்கள், அவரும் வென்றார், சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. அப்புறம் 1957இல் அதே மனிதர் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் போட்டாரா, 1958 ஏப்ரல் 9ஆம் திகதி கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் அவர் வீட்டு முன்னால் பிக்குகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தத்தைக் கைவிடுகிறேன் என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். நாட்டின் பிரதமர் எழுதிக் கொடுத்தார், ஒப்பந்தத்தின் கதை முடிந்தது!

உடனே சிலர், அவர்களுக்கு வாக்குரிமையே கொடுக்கக் கூடாது என்று கிளம்புவார்கள். மியன்மாரில் பிக்குகளுக்கு வாக்கு இல்லை, தாய்லாந்திலும் இல்லை. அதனால் என்ன நடந்தது? 2007இல் மியன்மாரில் இராணுவத்தின் தானம் வேண்டாம் என்று பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தவர்களும் வாக்கில்லாத பிக்குகள்தான். முஸ்லிம்களுக்கு எதிராக மேடை மேடையாகக் கத்திய அதே நாட்டு விராதுவும் வாக்கில்லாத பிக்குதான்.

எனக்குப் பிரச்சினை வாக்கு இல்லை, கும்பிடு. போன மாதம் பஸ்ஸில், பன்னிரண்டு வயதுகூட இராத ஒரு சின்னத் துறவி ஏறியதும், இரண்டு பையோடு முன் சீட்டில் இருந்த வயதான அம்மா எழும்பி இடம் விட்டார். பையனுக்கே கூச்சம், யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ்ஸில் இது மரியாதை, சரி. பாராளுமன்றத்திலும் இதுதான் நடந்தது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சியின் ஒன்பது தேரர்கள் எம்.பி. ஆனபோது, மரியாதைக்காக அவர்களின் ஆசனங்களுக்கு வெள்ளைத் துணி விரித்தார்கள். தான் காலில் விழுந்து கும்பிடுகிற ஒருவரிடம், நீங்கள் சொல்வது பொய் என்று எந்த எம்.பி. எழும்பிச் சொல்வார்?

மாதுளுவாவே சோபித தேரர் போன்றவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. 1987இல் இந்திய - இலங்கை ஒப்பந்தத்துக்கு எதிராக நின்றவர், கடைசிக் காலத்தில் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசினார், 2015 ஆட்சி மாற்றத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரு நல்ல தேரரைக் காட்டி முழுக் கணக்கையும் நேராக்க முடியாது.

வரட்டும், தேர்தல் கேட்கட்டும், வெல்லட்டும். அந்த வெள்ளைத் துணியை மட்டும் எடுத்துவிடுங்கள். பஸ் சீட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.