துறைமுகத்துத் தாத்தாக்களிடம் சொல்ல ஒன்றுமில்லையாம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில், நம்மவர் வரலாறு பற்றி நடந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதன் காணொளித் துண்டு எல்லாக் குழுக்களிலும் சுற்றிவிட்டதால், என்ன நடந்தது என்று மறுபடி விவரிக்கத் தேவையில்லை. நம்மவர்கள் இங்கே கூலிகளாக வந்தார்கள், உழைத்தார்கள், ஊர் திரும்பினார்கள், அவர்களிடம் வரலாறு என்று சொல்ல அதிகம் இல்லை என்று மேடையில் இருந்தவர் சொன்னதையும், முன்வரிசையில் நம் பெரியவர்களே அதற்குத் தலையாட்டியதையும் பார்த்தீர்கள். தலையாட்டியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சொல்ல அதிகம் இல்லை என்பது உண்மையல்ல. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கேட்கவில்லை.

1825-இல் சுமத்திராவின் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் தொடங்கி, இந்தியக் கைதிகள் இந்த ஊரில் எவ்வளவு கட்டினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் எல்லாம் சேர்த்துக் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. நம் ஊர்க் கொத்தனார்களின் கைப்பக்குவம் கடல் தாண்டி வந்து, விலங்கு பூட்டிய காலோடு அந்தச் சுவரில் ஏறியிருக்கிறது. இதுவா சொல்ல ஒன்றுமில்லாத வரலாறு?

துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியிருந்த கடையநல்லூர்க்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பணக்காரர்கள் அல்லர், உடலுழைப்பிலும் சிறு கடைகளிலும் காலம் தள்ளியவர்களே மிகுதி. அவர்கள் 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள். ஜப்பானியர் ஆட்சியின் பசியிலிருந்து எழுந்த மறுஆண்டே, 1946-இல், உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடிப் போக, மாணவர் குறைந்து 1982-இல் மூடப்பட்டது. இன்று பீட்டி சாலையில் இருக்கும் தமிழ்மொழி நிலையம் உமறுப் புலவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே பிள்ளையைக் கொண்டுபோய் விடும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஊர் திரும்பினார்களாம். திரும்பியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. திரும்பாமல், 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பதிந்துகொண்டு இந்த மண்ணையே ஊராக்கிக்கொண்டவர்கள் யார்? பதிந்துகொள்ளுங்கள் என்று தமிழ் முரசு நாளிதழை நடத்திய தமிழவேள் கோ. சாரங்கபாணி ஓயாமல் வலியுறுத்தியது யாரைப் பார்த்து?

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி வந்தவர். நோய் பரவாமலிருக்கச் செயின்ட் ஜான்ஸ் தீவில் நிறுத்திவைத்து, உடுத்தியிருந்த துணியை நீராவியில் போட்டெடுத்துக் கொடுக்க, சூடும் ஈரமும் போகாத அதே வேட்டியைச் சுற்றிக்கொண்டு கரையேறியதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு ஹார்பர் போர்டில், அதாவது துறைமுக வாரியத்தில், மூட்டை தூக்கினார். சாக்கைக் குத்தி இழுக்கும் கொக்கி ஒன்று அவரிடம் இருந்தது. உள்ளங்கை அகல மரப்பிடி, அதன் நடுவிலிருந்து புறப்படும் இரும்பு வளைவு. விரல்கள் கவ்வும் இடத்தில் மரம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். சாக்கு கிழிந்தால் கிராணி (எழுத்தர்) கூலியில் பிடித்துவிடுவார் என்பதால் தையல் ஓரம் பார்த்துத்தான் குத்த வேண்டும் என்று, வெறும் கையால் காற்றில் குத்திக் காட்டுவார்.

வீட்டுக்கு விருந்தினர் வந்து கேட்டால், "அப்பா ஹார்பர் போர்டில் இருந்தார்" என்று மட்டும் சொல்லி என் தந்தை நிறுத்திக்கொள்வார். கேட்டவர் அலுவலக வேலை என்று எண்ணிக்கொள்வார். தாத்தா பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். வாய் திறக்கமாட்டார்.

மரபுடைமைக்கு எவ்வளவோ செய்கிறார்களே என்று சிலர் சொல்லக்கூடும். செய்கிறார்கள். வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இயங்குகிறது, இந்திய மரபுடைமை நிலையம் 2015-இல் திறக்கப்பட்டது, பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒன்றுமில்லை என்று ஒருவர் மேடையேறிச் சொன்னதால்தான் எனக்குக் கோபம்.

அவர் இளையவர், ஆர்வத்தோடு வந்தவர், இப்படிப் பொதுவெளியில் கடியலாமா என்று உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். அவர் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் இளையவர் மனம் நோகுமே என்று கவலைப்படும் யாரும், அரங்கின் கடைசி வரிசையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முன்னாள் துறைமுகத் தொழிலாளரின் மனத்தை ஏன் நினைக்கவில்லை? அவருக்கு மட்டும் மனம் இல்லையா?

உண்மையில் அந்தப் பேச்சாளர் நம் வீடுகளில் கேட்டு வளர்ந்ததைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறார். நம் கல்யாண வீடுகளில் விசாரித்துப் பாருங்கள். எல்லாருடைய கொள்ளுத்தாத்தாவும் ஒப்பந்தக்காரர், கடை முதலாளி, குறைந்தது கிராணி. மூட்டை தூக்கியவர், சாக்கடை அள்ளியவர், தண்டவாளம் போட்டவர் யாருடைய தாத்தாவும் இல்லை. 2019-இல் ஆற்றோரத்தில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்குச் சில காலம் சிலை நின்றபோது நாம் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். 1819-இல் வந்து செங்கல் சூளை நடத்திய அந்தப் பெருமகனாரை நானும் வணங்குகிறேன். அந்தச் சூளையில் மண் பிசைந்தவர்களும் மனிதர்கள்தாம். அவர்களைத் தாத்தா என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஏற்பாட்டாளர்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். அடுத்த நிகழ்ச்சியில் பேச்சாளர் ஒருவரைக் குறைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் இருந்த அந்தப் பெரியவருக்கும் அவரைப் போன்ற இன்னும் சிலருக்கும் அரை மணி நேரம் கொடுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை நானே எழுதித் தருகிறேன். அவர்கள் வந்து போக வாடகை வண்டிச் செலவும் என்னுடையது. தேதியைச் சொல்லுங்கள்.