அரை மில்லிமீட்டருக்கு ஏன் இந்தப் பாடு?

போன வாரம், நான் செய்து முடித்த கம்யூனிகேட்டரின் படத்தை இங்கே போட்டிருந்தேன். ஸ்டார் டிரெக் என்ற அறுபதுகளின் அமெரிக்க விண்வெளித் தொடரில், தூரத்தில் இருப்பவர்களோடு பேச கேப்டன் கர்க் இடுப்பிலிருந்து எடுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டித் திறப்பாரே, அதேதான். பலர் பாராட்டினீர்கள், நன்றி. சித்தப்பா முறையாகும் ஒருவர் மட்டும் தனியாகக் கேட்டார்: "நல்லா இருக்குப்பா. ஆனா டிவியில வந்த ஒரு டப்பாவுக்கு அரை மில்லிமீட்டர் வரைக்கும் அளவு பார்க்கணுமா? பார்த்தா அது மாதிரி இருந்தா போதாதா?"

நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் போட்டேன், எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் இங்கே நீட்டி எழுதுகிறேன்.

போதாது சித்தப்பா.

எண்பதுகளில் தூர்தர்ஷன் அந்தத் தொடரை ஒளிபரப்பியபோது, விடுமுறைக்குச் சென்னையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆங்கிலம் பாதிகூடப் புரியவில்லை. அந்த மூடி திறக்கும் சத்தம் மட்டும் மனதில் தங்கிவிட்டது. அப்புறம் பல வருஷம் கழித்து, உலகம் முழுக்க ஆட்கள் இந்தப் பொருட்களை அச்சு அசலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று இரவு நான் தூங்கவில்லை.

அவர்கள் அளவு கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அசல் பொருள் கையில் கிடையாது. ஓடும் காட்சியை நிறுத்தி, அந்தப் படத்தில் அளவு தெரிந்த ஏதாவது ஒன்றைத் தேடுவார்கள். அதை வைத்து மற்றதற்குக் கணக்குப் போடுவார்கள். ஏலத்துக்கு அசல் வந்தால் அதன் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அசலை வைத்திருக்கும் ஒருவர் மனமிரங்கி வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்க விட்டால் அது திருவிழா. எஞ்சியிருக்கும் கம்யூனிகேட்டர் ஒவ்வொன்றுக்கும் கிரேக்க எழுத்துகளில் ஆல்பா, பீட்டா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கையால் செய்தவை என்பதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. "கம்யூனிகேட்டர் செய்கிறேன்" என்றால் போதாது, "எதை?" என்று கேட்பார்கள்.

கையால் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையை ஊற்றி, சட்டத்தைத் தூக்கி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்குகிறார்கள். தண்ணீரில் கிடந்து ஊறி, காய்ந்து, கண்ணாடி கழன்றால் பளபளப்பு. ஒரே சட்டம், ஒரே கை, ஆனாலும் ஒரு கல்லின் பூவிதழ் பக்கத்துக் கல்லில் லேசாக வழிந்திருக்கும். எங்கள் வீட்டுப் பட்டாலைத் தரையில் உடைந்த ஒரு கல்லுக்குப் பதிலாக "அது மாதிரி" ஒன்றைப் பதித்தார்கள். இருபது வருஷமாக என் கண் அந்த ஒரு கல்லில்தான் போய் இடிக்கிறது.

சரி, செய்த கதைக்கு வருகிறேன்.

உடல் கருப்பு பிளாஸ்டிக். அசலுக்கு கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் கவிழ்த்து, காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். நானும் அப்படியே. துளையிட்ட பெட்டி, அடியில் வாக்குவம் கிளீனர். அச்சுக்கு மரம், பழைய மரக்கடையில் கிடைத்த பர்மா தேக்குத் துண்டு. ஏதோ ஒரு வீட்டு உத்திரத்தின் மிச்சம். முதல் தடவை தகடு அருமையாகப் படிந்தது. அச்சை விட்டுக் கழலவே இல்லை. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன். அப்பா (ஐம்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர்) திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "இட்லிக் குழி கிணறு மாதிரி நேரா இருந்தா இட்லி எடுக்க வருமா? சுவருக்குச் சாய்வு கொடு." கொடுத்தேன். வந்தது. அதன் பிறகு அசலின் படத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் அந்தச் சாய்வு இருக்கிறது! அதுவரை அதைக் கேமரா கோணத்தின் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

நான் சொல்ல வருவதே இதுதான். சுமாராகச் செய்திருந்தால் அந்தச் சாய்வு என் கண்ணில் பட்டிருக்காது. அளவு பிசகாமல் செய்ய நினைத்ததால்தான், 1966-ல் ஒருவர் இதே இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது.

மூடிக்குப் பித்தளைத் துளைத் தகடு. அசலில் இருக்கும் இடைவெளியில் துளை போட்ட தகடு இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. நகை வேலை செய்யும் ஒரு அண்ணனிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, "எதைச் சலிக்கப் போறே தம்பி?" என்றார். விளக்கினேன். "செஞ்சவரு ஒவ்வொண்ணா துளைச்சாரா?" "இல்லண்ணே, துளைச்ச தகடா வாங்கி வெட்டிக்கிட்டார்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஊசி முனையால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த ஆரம்பித்தார். வரிசை விட்டு வரிசை, ஒன்றின் நடுவில் இன்னொன்று வருகிற மாதிரி. நான்கு துளை ஊசி உடைந்தது. கூலி கொடுத்தபோது பாதியைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டு, "முடிச்சதும் கொண்டாந்து காட்டு" என்றார்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நம் காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பித்தளை கறுக்காமல் இருக்க மேலே வார்னிஷ் பூசும் முன் எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டேன். தகட்டைத் தண்ணீரில் முக்கித் தூக்கச் சொன்னார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. முழுத் தகட்டிலும் விரித்த துணி மாதிரி ஒரே படலமாக நின்றால் சுத்தம். மூன்றாவது முறை அப்படி நின்றது. இந்த ஒரு பொருளுக்காக நம் ஊரின் மூன்று கைத்தொழில் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. இதைப் பொம்மை என்று எப்படிச் சொல்ல?

உள்ளே வட்டக் கண்ணாடிக்குக் கீழே கோடுகள் சுழன்று சுழன்று நெளியும், கவனித்திருப்பீர்கள். அருகில் காட்டுவதற்கென்று செய்த அசலில் அதைச் சுழற்றியது ஒரு ஸ்டாப்வாட்ச் இயந்திரம். இரண்டு கோட்டு வட்டங்கள், ஒன்று அசையாமல், ஒன்று சுழன்று. அவ்வளவுதான் மாயம். இன்று ஐம்பது ரூபாய் மோட்டார் போட்டால் இதைவிட அழகாகச் சுழலும். போடலாமா என்பதுதான் எங்கள் கூட்டத்தில் ஓயாத சண்டை. தொடரின் கதைப்படி அது எப்படி இருந்திருக்குமோ அப்படிக் குறையில்லாமல் செய்யலாம் என்பது ஒரு கட்சி. படப்பிடிப்பில் இருந்தது எப்படியோ அப்படியே, குறையோடு செய்ய வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி, அதிலும் பிடிவாதமானவன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளில் மூன்று மாதம் அலைந்து சாவி கொடுக்கும் ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். காதோடு வைத்தால் டிக் டிக் கேட்கிறது. அசலை வைத்து நடித்தவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். மோட்டார் போட்டிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

குறையைத் திருத்துவது, செய்தவனுக்கு நாம் பாடம் நடத்துகிற மாதிரி. அந்தத் தொடரின் விண்கலம் எண்டர்பிரைசின் 11 அடி மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அதன் இடப்பக்கம் வேலை முடியாதது. உள் விளக்குகளுக்கான ஒயர் அந்தப் பக்கமாக வெளியே வரும், அதனால் வலப்பக்கத்தைத்தான் படம் பிடிப்பார்கள். இடையில் பல முறை வண்ணம் மாற்றிப் பூசப்பட்ட அதை 2016-ல் மீட்டெடுத்தபோது, தட்டு வடிவப் பகுதியின் மேல்புறத்தில் மட்டும் முதல் வண்ணம் தப்பியிருந்தது. அதை வைத்துத்தான் மற்ற இடங்களுக்கு வண்ணம் பொருத்தினார்கள். யாரோ ஒருவர் அந்த ஒரு இடத்தைத் "திருத்தாமல்" விட்டதால் நடந்தது இது.

இன்னொரு விஷயம். கம்யூனிகேட்டரைச் செய்தவர் வா சாங் என்ற சிற்பி. தொடரில் ஆளாளுக்குக் கையில் வைத்திருக்கும் பொருள்களில் பல அவர் கைவண்ணம். திரையில் அவர் பெயர் வரவில்லை. பிரிட்டனின் டாக்டர் ஹூ தொடரில் 1963-ல் வந்த டாலெக் இயந்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர் ரேமண்ட் கியூசிக், பிபிசியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். டாலெக் பொம்மைகள் விற்றுத் தீர்ந்தன, கதை எழுதியவருக்குப் பங்கு போனது, கியூசிக்குக்குச் சிறு அன்பளிப்போடு சரி. இன்று ஒரு டாலெக்கைச் செய்கிற ரசிகர் அதன் பாவாடை போன்ற கீழ்ப்பகுதியில் 56 அரைக்கோளங்களையும் சரியான இடத்தில் ஒட்ட வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மனிதர்களின் பெயர்களைத் தேடிப் பிடித்து, பேட்டி எடுத்து, எழுதி வைத்ததில் இப்படி அளவு எடுத்தவர்களின் பங்கு பெரிது. அளவெடுக்கும்போதுதான் "யார் இதைச் செய்தது?" என்ற கேள்வியே வருகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அச்சு அசல் வேறு, ஏமாற்று வேறு. நான் செய்ததன் உள்ளே, பேட்டரிக்குப் பக்கத்தில், வருஷமும் என் பெயரின் முதலெழுத்தும் கீறியிருக்கிறேன். யார் திறந்தாலும் இது நகல் என்று தெரிய வேண்டும். எங்கள் கூட்டத்தில் இதை மீறுகிறவர்களோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு முறை ஒரு கடையில் நூறு வருஷத்துச் சுவர்க் கடிகாரம் என்று எனக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பின்பலகையைக் கழற்றினால் தேநீர்ச் சாயம் பூசிய புது ஒட்டுப்பலகை. பணம் போனது போகட்டும். அந்தக் கடிகாரத்தைச் செய்தவனும் திறமைசாலிதான். அவன் திறமையைத் தன் பேரில் வைத்துக்கொள்ள முடியாமல் செய்துவிட்டார்களே என்பதுதான் இன்றும் வயிற்றெரிச்சல்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் வாரிசுகள் பிரிந்து, பராமரிக்க முடியாமல், வீடுகள் பிரிபடுவது நின்றபாடில்லை. தூண் ஒரு பக்கம், வாசல் நிலை ஒரு பக்கம் போகிறது. விற்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. என் ஆதங்கம் ஒன்றே ஒன்று. போகும் முன் யாராவது அளவு எடுத்தார்களா? ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த பெட்டிக்கு உலகத்தில் எத்தனையோ பேர் துல்லியமான வரைபடம் வைத்திருக்கிறார்கள். நம் தெருவில் நூறு வருஷம் நின்ற ஒரு நிலைக்கு ஒரு தாளாவது இருக்கிறதா? செல்போனில் பத்துப் படம் எடுக்கிறோம், எல்லாம் நம் முகத்தோடு.

அளவு எடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். டேப், ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நேராக எடுத்த படம், ஒரு நோட்டு, பொறுமை. உங்கள் வீட்டிலோ பங்காளி வீட்டிலோ நிலை, தூண், கதவு பிரிக்கப்போகிறார்கள் என்றால் சொல்லுங்கள். வாங்க வரமாட்டேன். அளந்துகொண்டு போய்விடுவேன், வரைந்து உங்களுக்கும் ஒரு பிரதி தருவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். அப்பாவும் வந்தார். நிலையை ஏற்கெனவே பெயர்த்து முகப்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். வாசலுக்கு மேலே வரும் சூரியப் பலகையில் யானை, கிளி, கொடி, எல்லாம் அப்படியே இருந்தன. நான் மில்லிமீட்டரில் சொல்ல, அப்பா நூல் கணக்கில் எழுதினார். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். இரண்டு மணி நேரத்தில் முன்பக்கம் முடிந்தது. நோட்டை மூடப்போனேன். அப்பா நிலையைத் திருப்பச் சொன்னார். இத்தனை வருஷம் சுவரை ஒட்டி இருந்த பக்கம். இழைப்புளியே படவில்லை, வாய்ச்சி கொத்திய தழும்பு வரிவரியாக அப்படியே இருந்தது. அப்பா அந்த வரிகளின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, "இவன் இடது கைக்காரன்டா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொத்து சாய்ந்திருக்கும் திசையைக் காட்டினார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார்.

"இந்தப் பக்கத்தையும் வரை."