பெண்மானை எளிதாக எண்ண வேண்டாம்

வட அமெரிக்க வெண்வால் மான் வேட்டையில் பெரிய கொம்பு மானை வீழ்த்துவதுதான் கடினம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அக்டோபருக்கு அது பொருந்தும். பெரும்பாலான பகுதிகளில் நவம்பரில் இணை தேடும் பருவம் வந்ததும் அதே ஆண் பகலிலேயே அலையும், எச்சரிக்கை குறைந்துவிடும். முதிர்ந்த பெண்மானுக்கு அந்தத் தடுமாற்றமே கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி குட்டிகளோடும் மகள்களோடும் திரிவதால் ஒரே நேரத்தில் பல மூக்கும் காதும் உங்களைத் தேடும். மரத்தில் நீங்கள் காத்திருக்கும் பரணில் சின்ன அசைவு தெரிந்தாலும் முன்காலால் தரையைத் தட்டும்; தலையைத் தாழ்த்துவதுபோல் பாவனை செய்து சட்டென நிமிரும். அப்போது வில்லை இழுத்தால் போச்சு! சீறி ஓடி, காட்டையே எழுப்பிவிடும். அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்வரை பொறுங்கள்.

அந்தக் கட்டுரை தொடாத முக்கியமான விஷயம்: தனியாக முதலில் மேய வருவது பல நேரம் ஆண் குட்டி; அதைப் பெண்மான் என்று தவறாக எண்ணிவிடலாம். அதன் முகம் குட்டை, காதுகளுக்கு நடுவே தலை தட்டை. முதிர்ந்த பெண்ணுக்கு நீண்ட முகம், நீள உடல். ஒப்பிட இன்னொரு மான் பக்கத்தில் வராமல் தயவுசெய்து எய்யாதீர்கள். தொலைவில் தனியாக நிற்கும் மானின் அளவு கண்ணை ஏமாற்றும்.