அந்தப் படத்தில் போட்டி எதுவும் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். கீழே வந்த கமெண்டுகளையும் பார்த்திருப்பீர்கள், எல்லாவற்றையும் திரும்ப இங்கே எடுத்துப்போட மனசில்லை. பதினான்கு வருஷம் கழித்து நானும் என் தங்கையும் ஒன்றாக நின்று எடுத்துக்கொண்ட முதல் படம் அது. அதை மேலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்த பிறகும் "தங்கச்சிதான் அழகு" என்று ஒருவர் ஆரம்பிக்க, "அக்காவும் களையாகத்தான் இருக்காங்க" என்று இன்னொருவர் எனக்கு ஆறுதல் சொல்ல, கடைசியில் ஓட்டெடுப்பே நடந்து முடிந்துவிட்டது.

யார் அழகு என்று நாங்கள் கேட்கவே இல்லையே.

"பாராட்டினால்கூடக் குற்றமா?" என்று கேட்கிறீர்கள். ஒருத்தியைப் பாராட்ட இன்னொருத்தியைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் குற்றம்தான். இதற்கு மேல் பதில் கிடையாது.

"உனக்குப் பொறாமை" என்று எழுதியவருக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. எந்தப் பிள்ளை யாரோடு என்று பெரியவர்கள் உள்ளே பேச, நாங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தோம். "சின்னவள் நல்ல நிறம், கரையேற்றுவது சுலபம். அவளைக் கூட்டிக்கொண்டு போ" என்று ஓர் உறவினர் அம்மாவிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. தங்கை என் கவுன் நாடாவின் நுனியைச் சுட்டுவிரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது நான்தான் அதை அவிழ்த்துவிட்டேன். விரல் நுனி சிவந்திருந்தது.

பொறாமை இருந்தது, ஆமாம். அம்மா தினமும் அவள் தலையை வாரிவிடுவாளே என்று ராத்திரியெல்லாம் நினைத்து அழுதிருக்கிறேன். நாங்கள் சந்தித்த அன்றுதான் தெரிந்தது, உறவினர் சொன்ன அந்த வார்த்தை அவள் காதிலும் விழுந்திருக்கிறது. வெயிலில் கறுத்துப்போனால் அம்மா தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பயந்து மைதானத்துக்கு விளையாடவே போகமாட்டாளாம். நீங்கள் ஓட்டுப்போட்டு ஜெயிக்கவைத்த அழகி இவள்தான்.

அப்படி என்ன இருக்கிறது இந்த நிறத்தில்? தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களின் எண்ணிக்கை எந்த நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை மெலனின் என்ற நிறமியை எவ்வளவு சுரக்கின்றன, எந்த வகை என்பதில்தான் வித்தியாசம். இதைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அதனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கும் நிறம் மாறும். 1972-இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் மாணவர்களிடம் முகப் படங்களை மட்டும் காட்டி, இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டார்கள். அழகான முகக்காரர்களுக்கு நல்ல குணமும் நல்ல வேலையும் இருக்கும் என்று அந்த மாணவர்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். முகத்தைப் பார்த்து இரண்டு பிள்ளைகளின் எதிர்காலத்தையும் முடிவு கட்டினார்கள்.

சரி, அந்த உறவினர் எங்களைப் பெற்றவர் இல்லை. அம்மா ஏன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை? அவளுக்கு என்ன நெருக்கடியோ என்று எழுதுவீர்கள். இருக்கலாம். இன்றைக்கு அதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. பிரித்ததுகூடப் பரவாயில்லை, காரணத்தையாவது வேறாகச் சொல்லியிருக்கலாம்.

நேற்று ராத்திரி தங்கை போன் செய்தாள். "படத்தை எடுத்துடலாமா அக்கா?" என்றாள். எடுக்க மாட்டேன். கமெண்டுகளை மட்டும் அழித்துவிட்டேன். அந்தப் படத்தில் அவள் சுட்டுவிரல் என் துப்பட்டா நுனியைச் சுற்றியிருக்கிறது. அத்தனை பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை.