வெடி வைங்க, ரெண்டு மணி நேரம் முன்னாடி சொல்லிட்டு வைங்க

நேற்று மதியம் மூன்றே கால் மணி. எங்கள் தெருமுனை வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் சீர்த்தட்டோடு வேனிலிருந்து இறங்குகிறாராம், அதற்கு ஒரு பத்தாயிரம் வாலா. எங்கள் நாய் செவலை அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வராண்டாவில் கண்ணயர்ந்திருந்தது. 14 வயது ஆகிறது அதற்கு. பதறி எழுந்து உள்ளே ஓடப் பார்க்கிறது, முன்னங்கால் இரண்டும் ஓடுகிறது, பின்னங்கால் இரண்டும் டைல்ஸில் வழுக்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்கிறது. நகம் தரையைப் பறண்டுகிற கிறீச் சத்தம். ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் இடத்தில் தலையை மட்டும் செருகிக்கொண்டு, உடம்பு வெளியே நடுங்க, நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. சரம் முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியும் எச்சில் வடிவது நிற்கவில்லை.

இதைப் போய்ச் சொன்னால் என்ன பதில் வரும் தெரியுமா? "ஒரு நாய்க்காக நல்லது கெட்டதை நிறுத்திட முடியுமாக்கா?" யார் நிறுத்தச் சொன்னது? நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எத்தனை மணிக்கு வெடிக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லித் தொலையுங்கள்.

ஏன் என்றால் செவலைக்கு மாத்திரை இருக்கிறது. வெடிச் சத்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாடி கொடுக்க வேண்டிய மாத்திரை. பயம் தலைக்கேறிய பிறகு கொடுத்தால் சரியாக வேலை செய்யாது. அதன் எடையைப் பார்த்து, வயதைப் பார்த்து, ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்டர் எழுதிக் கொடுத்தது. (அதனால் பெயர் கேட்காதீர்கள், உங்கள் நாய்க்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மனிதர் போடுகிற வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், நாயின் உயிருக்கே ஆபத்து.) இட்லியில் வைத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும் கள்ளி. ராகிக் களியில் உருட்டி வைத்தால் சரி, களியை நம் ஊரில் மனிதரே மெல்வதில்லை, நாய் மட்டும் மெல்லுமா?

ஆச்சரியம் என்னவென்றால் எனக்குத் தீபாவளி ஒரு பிரச்சினையே இல்லை. தீபாவளிக்குத் தேதி இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னதிலிருந்து நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. யாரும் அதோடு நிறுத்துவதில்லை, அது வேறு கதை. ஆனால் நாளாவது தெரியும். முந்தின நாளே டைல்ஸ் முழுக்கச் சாக்கு விரித்துவிடுவேன். வெளியே ஒருநடை கூட்டிப்போய் வருவது, சாப்பாடு, மாத்திரை எல்லாம் வெடி ஆரம்பிக்கும் முன்னாடியே முடிந்துவிடும். ஜன்னலில் கம்பளி, ஃபேன் முழு வேகத்தில், டிவியில் எதுவோ ஒரு சீரியல். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். தடவினால் பயம் இன்னும் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா, பயப்படுகிற உயிரைத் தடவினால் பயம் கூடுமா என்ன?

தேதி இல்லாத வெடிதான் என்னைக் கொல்கிறது. கிருஷ்ணகிரியில் சாவு ஊர்வலம் என்றால் தப்பட்டையோடு வழிநெடுக வெடி, மஞ்சள் நீராட்டுக்கு வெடி, மாரியம்மன் பண்டிகைக்கு வெடி, கட்சியில் யாருக்கோ பதவி என்றால் வெடி, அந்தப் பதவியைப் பிடுங்கினால் எதிர்க் கோஷ்டி வெடி, கிரிக்கெட்டில் ஜெயித்தால் வெடி, பொங்கல் கழித்து எருது விடும் விழா என்று ஊர் ஊராக மைக் செட்டும் வெடியும். பட்டாசுக்கே விதி இருக்கிறது, நாலு மீட்டர் தள்ளி நின்றால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது, இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கவே கூடாது. இரவு பதினொன்றரைக்குக் கேக் வெட்டுகிற பிறந்தநாள்காரனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், எனக்கும் ஒரு துண்டு கேக் கொடுக்கிறான்.

இன்னொரு கேள்வி: "வயசாச்சே, காது மந்தமாகியிருக்குமே, அப்புறம் எதுக்குப் பயம்?" நானும் அப்படித்தான் நினைத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, சோற்றுத் தட்டைத் தட்டினால்கூடத் தெரியாது. வெடி மட்டும் தெரிகிறது. இளவயதில் தீபாவளியன்றும் வாசலில் படுத்துத் தூங்கியது, பத்து வயதுக்கு மேல்தான் இந்தப் பயமே வந்தது. டாக்டர் முதலில் காதைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் அமுக்கிப் பார்த்தார். மூட்டுவலி. சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு உடம்பு விறைக்கும்போது வலி சுரீர் என்கிறது, நாய் அந்த வலியையும் சத்தத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. வலிக்கு மருந்து ஆரம்பித்த பிறகு மேலே ஃபிளைட் போனால் நடுங்குவது நின்றுவிட்டது. இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் யாருமே இல்லை. அதற்கு முன்னால் வேறொருவர் கொடுத்த மாத்திரை அசெப்ரோமசின். போட்டால் நாய் துணி மாதிரி கிடக்கும். அடேயப்பா, எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். உடம்பைத்தான் அது கட்டிப்போடுமாம், பயம் உள்ளே அப்படியே இருக்குமாம். கண் திறந்தே இருந்ததே, அதைப் பார்த்துமா எனக்குப் புரியவில்லை?

போன வருஷம் வெடிக்குப் பயந்து ராயக்கோட்டைப் பக்கம் அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தோட்டத்து வீடு, அமைதி. அன்றைக்கு ராத்திரி பார்த்து யானைக்கூட்டம் ராகிக் கொல்லைக்கு வந்துவிட்டது. விரட்டுவதற்கு விடியவிடிய வெடி. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அது வயிற்றுப்பாடு, அந்தக் கொல்லையில் விளைந்தால்தான் களி. செவலையோடு விடிகிறவரை நானும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தேன். ஆனால் தாய்மாமன் வேனிலிருந்து இறங்குவதற்கு எந்த யானையை விரட்டுகிறீர்கள்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த தெருவில் பிறந்தநாள் பேனர் கட்டுகிறார்கள். ஆட்டோவிலிருந்து வெடிப்பெட்டி இறங்குகிறது. போய்க் கேட்டேன்.

"எத்தனை மணிக்குத் தம்பி?"

"தலைவர் வந்ததும்க்கா."

"தலைவர் எப்ப வருவார்?"

"ஆறுன்னாங்க. ஒம்பது, பத்துகூட ஆகும்."

இப்போது மணி நாலு. கொடுப்பதா வேண்டாமா? களி உருண்டை தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது, செவலை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.