பிரீலோடு திருகினால் காயில் ஸ்பிரிங் கடினமாகாது

மலைச்சரிவில் இறங்கும் டவுன்ஹில் சைக்கிளின் காயில் ஃபோர்க்கில் (சுருள் ஸ்பிரிங் கொண்டு அதிர்வைத் தாங்கும் முன்கவட்டையில்), எடை கூடிய ஓட்டுநர்கள் ஸ்பிரிங்கை முன்கூட்டியே சற்று அழுத்தி வைக்கும் பிரீலோடு குமிழைத் திருகினாலே ஸ்பிரிங் கடினமாகிவிடும், வேறு ஸ்பிரிங் வேண்டாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அது சரியல்ல. பிரீலோடு சாக் அளவை, அதாவது ஓட்டுபவர் ஏறியதும் ஃபோர்க் அமுங்கும் அளவை, கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கம்பியின் உலோகம், தடிமன், சுருள்களின் விட்டம், எண்ணிக்கை இவைதான் கடினத்தைத் தீர்மானிக்கின்றன. குமிழ் இவற்றில் எதையும் தொடுவதில்லை. சுருளுக்குப் பதில் காற்றே ஸ்பிரிங்காக இருக்கும் ஏர் ஃபோர்க்கில் காற்றழுத்தத்தைக் கூட்டினால் கடினம் உண்மையிலேயே கூடும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது எளிது. காயில் வகையும் உள்ள ஓலின்ஸ் டிஹெச்38 போன்ற ஃபோர்க்கின் கையேட்டைத் திறந்து பாருங்கள்: ஓட்டுபவரின் எடைக்கேற்ப வெவ்வேறு ஸ்பிரிங்குகள் இருக்கும். அப்புறம் கழற்றிய ஸ்பிரிங் ஒன்று கையில் இருந்தால், எடை மெஷின் மேல் நேராக நிறுத்தி 10 மி.மீ. அழுத்துங்கள், பிறகு இன்னொரு 10 மி.மீ. இரண்டு தடவையும் கூடும் கிலோ ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது முன்பே அழுத்தி வைத்தாலும் கடினம் மாறுவதில்லை.